அத்தியாயம் 7: சங்கத்தில் சேருமுன் சொத்து மதிப்பீட்டாளர் போடவேண்டிய கணக்கு

சிவில் இன்ஜினியரிங் முடித்து, ஒரு மூத்த வேல்யூயரிடம் நான்கைந்து ஆண்டு சைட்டுக்கும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் அலைந்து வேலை பழகியவர்கள், தனியாகத் தொழில் தொடங்கும்போது தவறாமல் கேட்கும் கேள்வி: “சார், எந்தச் சங்கத்துல சேரட்டும்?” அதற்கு முன்னால் வேறொரு கேள்வி இருக்கிறது. நீங்கள் எந்த வேலை செய்யப் போகிறீர்கள்? வங்கிக் கடனுக்கு வீடு பார்ப்பதா, வருமான வரிக்குப் பழைய மதிப்பு எழுதுவதா, திவாலான கம்பெனியின் தொழிற்சாலை நிலத்துக்கு விலை சொல்வதா? இதற்குப் பதில் தெரிந்தால் சங்கக் கேள்வியில் பாதி தீர்ந்துவிடும்.

மீதிப் பாதிக்குத்தான் இந்த அத்தியாயம். தமிழ்நாட்டில் நிலம், கட்டடம் மதிப்பிடுபவரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். இயந்திரங்கள், பங்குகள் மதிப்பிடுபவர்களுக்கு விதிகள் ஒன்றுபோல இருந்தாலும் தகுதி வேறு.

முதலில் மூன்றையும் பிரித்துக்கொள்ளுங்கள்

தொழிலில் “மெம்பர்ஷிப்” என்று பொதுவாகச் சொல்லும்போது மூன்று வெவ்வேறு விஷயங்கள் கலந்துவிடுகின்றன. பணம் வீணாவதும் வாடிக்கையாளர் ஏமாறுவதும் பெரும்பாலும் இந்தக் குழப்பத்தால்தான்.

1. வருமான வரித்துறைப் பதிவு. 1957ஆம் ஆண்டின் செல்வ வரிச் சட்டம், பிரிவு 34ஏபி-யின் கீழ் கிடைத்துவந்தது. செல்வ வரியை 2015 பட்ஜெட்டில் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் அந்தப் பிரிவின்படி பெற்ற பதிவு நடைமுறையில் தொடர்ந்தது. பல வங்கிகளின் விண்ணப்பப் படிவம் இதைக் கேட்கிறது. கடனுக்காகச் சொத்தை ஏலம் விடும் சர்ஃபேசி நடவடிக்கைக்கான 2002ஆம் ஆண்டு விதிகளும் “அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளர்” என்று இந்தப் பதிவு பெற்றவரைத்தான் குறிப்பிடுகின்றன. இது அரசுப் பதிவு. சங்கத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

2. ஆர்விஓ உறுப்பினர் பதவி. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 247-இன்படி கம்பெனிச் சொத்துகளை மதிப்பிடப் பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் வேண்டும். அதற்கான விதிகள் 2017 அக்டோபரில் வந்தன. பதிவு தரும் அதிகாரம் ஐபிபிஐ எனப்படும் திவால் மற்றும் நொடிப்பு வாரியத்திடம் இருக்கிறது. அந்த வாரியம் அங்கீகரித்த பதிவு மதிப்பீட்டாளர் அமைப்பு ஒன்றில், அதாவது ஆர்விஓ-வில், உறுப்பினராகாமல் பதிவு கிடைக்காது. இங்கே சேர்வது உங்கள் விருப்பத்தைப் பொறுத்ததல்ல, சட்டம் சொல்வது.

3. தன்னார்வச் சங்கங்கள். இன்ஸ்டிடியூஷன் ஆஃப் வேல்யூயர்ஸ் 1968இல் தொடங்கி டெல்லியைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. பிராக்டிசிங் வேல்யூயர்ஸ் அசோசியேஷன் இன்னொன்று. லண்டனில் 1868இல் பிறந்த ஆர்ஐசிஎஸ் உலக அளவிலானது. மாவட்ட அளவில் இன்ஜினியர் சங்கங்களுக்குள் இயங்கும் வேல்யூயர் குழுக்களும் உண்டு. “சேர்வதால் பயனா?” என்ற கேள்வி உண்மையில் இந்த மூன்றாவது வகைக்குத்தான் பொருந்தும்.

குழப்பம் கூடுவதற்கு இன்னொரு காரணம்: சில சங்கங்கள் தாங்களே தனியாக ஓர் ஆர்விஓ-வை நிறுவி நடத்துகின்றன. பெயர் ஒன்றுபோல இருக்கும். சட்டப்படி இரண்டும் வேறு அமைப்பு. சங்கத்தின் ஃபெலோ சான்றிதழ் வைத்திருப்பதால் ஆர்விஓ உறுப்பினர் ஆகிவிட மாட்டீர்கள். ரசீதில் எந்த அமைப்பின் பெயர் இருக்கிறது என்று படித்துப் பாருங்கள்.

உங்கள் வேலையைத் தாளில் எழுதுங்கள்

ஒரு நோட்டில் நான்கு தலைப்பு போடுங்கள். கடந்த ஆண்டு செய்த வேலைகளையும், தனியாகத் தொடங்கினால் எங்கிருந்து வேலை வரும் என்று எதிர்பார்க்கிறீர்களோ அவற்றையும் அதில் பிரித்து எழுதுங்கள்.

1. வங்கி, வீட்டுக்கடன் நிறுவனங்கள். பெரும்பாலோருக்குச் சோறு போடுவது இதுதான். இங்கே முடிவு செய்வது வங்கியின் பேனல். 2011இல் இந்திய வங்கிகள் சங்கமும் தேசிய வீட்டுவசதி வங்கியும் சேர்ந்து வெளியிட்ட கையேடு, அனுபவத்தை வைத்து மதிப்பீட்டாளர்களைத் தரம் பிரிக்கும் வழியைச் சொன்னது. 50 கோடி ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள சொத்துக்குக் குறைந்தது இரண்டு தனித்தனி அறிக்கை வாங்கவேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. ஆனால் எந்தப் பதிவு வேண்டும், எந்தச் சங்க உறுப்பினர் பதவிக்கு எடை கொடுப்பார்கள் என்பது வங்கிக்கு வங்கி மாறும்.

2. வருமான வரி. 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய சொத்தை இப்போது விற்பவர், அன்றைய நியாயமான சந்தை மதிப்பை அடிப்படையாக எடுத்துக்கொள்ளலாம். அதற்கு அறிக்கை கேட்டு ஆடிட்டர்கள் அனுப்புவார்கள். பாகப் பிரிவினை, விசாவுக்கான சொத்து மதிப்பு போன்றவையும் பெரும்பாலும் இதே வழியில் வரும்.

3. கம்பெனிச் சட்டம், திவால் வழக்குகள். ஒரு நிறுவனம் திவால் தீர்வுக்குப் போனால், தீர்வு அதிகாரி இரண்டு பதிவுபெற்ற மதிப்பீட்டாளர்களை நியமித்தாகவேண்டும். 2019 பிப்ரவரி முதல் இந்த வேலையை ஐபிபிஐ பதிவு இல்லாதவர் தொட முடியாது.

4. நீதிமன்றம், நில எடுப்பு, பன்னாட்டு ஆலோசனை நிறுவனங்களின் வேலை.

மூன்றாவது தலைப்பின் கீழ் ஏதாவது எழுதியிருந்தால் ஆர்விஓ கட்டாயம். வங்கிகளும் ஐபிபிஐ பதிவை மேலும் மேலும் கேட்பதால், பட்டப்படிப்பு உள்ளவர் முதல் தலைப்புக்காகவும் அதைப் பெற்றுவிடுவது நல்லது. தலைப்பு நான்கில் பன்னாட்டு நிறுவன வேலை மட்டுமே நிறைந்திருந்தால் ஆர்ஐசிஎஸ் பற்றி யோசிக்கலாம். இல்லாவிட்டால் அதன் ஆண்டுக் கட்டணத்தையும் திறன் மதிப்பீட்டுக்கான உழைப்பையும் ஏற்க இப்போது அவசியம் இல்லை.

ஆர்விஓ வழியாகப் பதிவு: வரிசை மாறக்கூடாது

1. தகுதியைச் சரிபாருங்கள். நிலம், கட்டடப் பிரிவுக்கு சிவில், கட்டடக்கலை, நகரமைப்பு ஆகியவற்றில் ஒன்றில் பட்டமும் அதன்பின் 5 ஆண்டு அனுபவமும் வேண்டும். முதுநிலைப் பட்டம் என்றால் 3 ஆண்டு. அனுபவச் சான்றை நீங்கள் வேலை பார்த்த அலுவலகத்திலிருந்து தேதியோடு, வேலையின் தன்மையோடு வாங்குங்கள். “எங்களிடம் பணியாற்றினார்” என்ற ஒற்றை வரிக் கடிதம் திரும்பி வரும்.

2. ஐபிபிஐ இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற ஆர்விஓ பட்டியல் இருக்கிறது. அதில் இல்லாத அமைப்புக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். பட்டியலில் இருப்பவற்றில் உங்கள் சொத்துப் பிரிவுக்கு அங்கீகாரம் உள்ளதா என்றும் பாருங்கள்.

3. உறுப்பினராகச் சேர்ந்து, அந்த அமைப்பு நடத்தும் 50 மணி நேரப் பாடத்தை முடியுங்கள். பலர் இதைக் கடமைக்குக் கேட்டுவிட்டுத் தேர்வில் தடுமாறுகிறார்கள். மதிப்பீட்டு முறைகள் நமக்குப் பழக்கம். சட்டப் பகுதியும் பொருளாதாரப் பகுதியும்தான் இன்ஜினியர்களைக் கவிழ்க்கின்றன. அங்கே கூடுதல் நேரம் கொடுங்கள்.

4. கணினி வழித் தேர்வு எழுதுங்கள். தேர்ச்சிக்கு 60 சதவீதம். தவறான விடைக்கு அந்தக் கேள்வி மதிப்பெண்ணில் கால் பங்கு கழியும். ஊகத்தில் டிக் அடிக்கும் பழக்கம் இங்கே உதவாது.

5. தேர்ச்சி பெற்ற மூன்று ஆண்டுக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்கவேண்டும். தனிநபருக்கான படிவம் ஏ, விண்ணப்பக் கட்டணம் 5,000 ரூபாய், வரி தனி, கட்டினால் திரும்பாது. விண்ணப்பம் உங்கள் ஆர்விஓ-வின் பரிந்துரையோடு போகும்.

6. பதிவு எண் வந்தபின் அந்தப் பிரிவுக்குள் மட்டும் வேலை செய்யுங்கள். நிலம், கட்டடத்துக்குப் பதிவு வைத்துக்கொண்டு ஆலையின் இயந்திரங்களுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுவது விதிமீறல்.

குறிப்பு: எந்த ஆர்விஓ என்று தேர்ந்தெடுக்கும்போது கட்டண வித்தியாசத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பிறகு வேறொன்றுக்கு மாற ஐபிபிஐ-யின் முன்அனுமதி வேண்டும். தமிழ்நாட்டில் தொடர்கல்வி வகுப்பு நடத்துகிறதா, மின்னஞ்சலுக்குப் பதில் வருகிறதா, ஏற்கெனவே சேர்ந்தவர்களின் விண்ணப்பங்கள் எவ்வளவு நாள் தேங்கின என்று விசாரியுங்கள்.

தன்னார்வச் சங்கம் உண்மையில் எதைக் கொடுக்கிறது?

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேசவேண்டும். ஏனென்றால் சங்கத்தின் பெரிய பயன் அதன் விண்ணப்பப் படிவத்தில் எழுதியிருக்காது.

நம் ஊரில் மதிப்பீட்டின் அடிப்படைச் சிக்கல், நம்பத்தகுந்த விற்பனை விலை கிடைக்காததுதான். பக்கத்து மனையின் கிரயப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால், அரசு வழிகாட்டி மதிப்புக்கு ஒட்டி ஒரு தொகை எழுதியிருக்கும். கைமாறிய பணம் வேறாக இருக்கலாம். அந்த வழிகாட்டி மதிப்பும் நிலையாக நின்றதில்லை. தமிழ்நாட்டில் 2017 ஜூனில் அதை 33 சதவீதம் குறைத்தார்கள். 2023இல் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்கள். 2024 ஜூலையில் மறுபடி திருத்தினார்கள். தேதி பார்க்காமல் பத்திர விலையை ஒப்பிட்டால் சந்தை திடீரென்று விழுந்து எழுந்ததுபோல ஒரு பொய்க் காட்சி தெரியும்.

இந்த நிலையில், திருச்சியில் இருக்கும் உங்களுக்குத் தூத்துக்குடியில் ஒரு வேலை வருகிறது என்று வையுங்கள். புரோக்கர் ஒரு விலை சொல்வார், கடன் வாங்குபவர் அதைவிடக் கூடுதலாகச் சொல்வார். அந்த ஊரில் இருபது ஆண்டாக வேலை செய்யும் ஒரு வேல்யூயரை அழைத்து, “அண்ணே, பைபாஸுக்கு மேற்கே அந்தத் தெருவுல செண்ட் என்ன போகுது? தண்ணி நிக்குற ஏரியாவா?” என்று கேட்க முடிந்தால் உங்கள் அறிக்கையின் தரமே மாறிவிடும். தண்ணீர் நிற்பது பத்திரத்தில் இருக்காது, எஃப்எம்பி வரைபடத்தில் இருக்காது. உள்ளூர்க்காரர் சொன்னால்தான் தெரியும். அந்த அழைப்பை எடுக்க அவருக்கு உங்களை முன்பே தெரிந்திருக்கவேண்டும். சங்கக் கூட்டம் அந்த அறிமுகத்தைத் தருகிறது.

2001 ஏப்ரல் மதிப்பு எழுதும் வேலையில் இது இன்னும் தெளிவாகப் புரியும். அன்று பள்ளியில் படித்துக்கொண்டிருந்த இளைஞருக்கு அன்றைய மனை விலை எப்படித் தெரியும்? அந்தத் தேதிக்கான முத்திரைத் தீர்வை மதிப்பு கிடைக்குமானால், அதைத் தாண்டி நியாய மதிப்பு எடுக்கக்கூடாது என்று 2020இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆகவே பழைய வழிகாட்டிப் பதிவேட்டின் பக்கமும், அந்தக் காலத்து அறிக்கைகளும் வேண்டும். இவற்றைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் மூத்த வேல்யூயர்கள். சங்கத்தில் அவர்களோடு பழகியவருக்கு அந்த அலமாரி திறக்கும்.

இரண்டாவது பயன், உங்கள் அறிக்கையை வேறொரு கண் பார்ப்பது. தனியாக வேலை செய்பவரின் பிழைகள் ஆண்டுக்கணக்கில் அப்படியே தொடரும். தேய்மானக் கணக்கில் பழைய சூத்திரம், அனுமதியில்லாத மாடிக்கும் முழு மதிப்பு, நத்தம் நிலத்தைப் பட்டா நிலம்போல எழுதுவது, கூட்டுப் பட்டாவைக் கவனிக்காமல் விடுவது — இவற்றை வங்கி மேலாளர் கண்டுபிடிக்க மாட்டார். கடன் வாராக்கடனான பிறகு விசாரணையில் வெளியே வரும். பெயர், முகவரியை மறைத்துவிட்டு ஒரு பழைய அறிக்கையை மூத்தவரிடம் காட்டிக் குறை கேட்பது, எந்தப் பயிற்சி வகுப்பையும் விட மேலானது.

மூன்றாவது, செய்தி. வங்கியின் படிவம் மாறுவது, பதிவுத்துறையின் சுற்றறிக்கை, புதிய பேனல் அறிவிப்பு — இவை சங்க வாட்ஸ்அப் குழுவில் பத்திரிகைக்கு முன்பே வந்துவிடும். பேனல் விண்ணப்பத்துக்குக் கொடுக்கும் அவகாசம் குறைவாக இருப்பதால் இது பணமதிப்புள்ள விஷயம்.

சங்கம் தராதவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். வேலை தானாக வராது. பெயருக்குப் பின்னால் எழுத்துகள் சேர்ந்தால் கட்டணம் உயராது. அறிக்கையில் பிழை என்று வழக்கு வந்தால் சங்கம் ஒரு வழக்கறிஞரை அறிமுகப்படுத்தலாம், ஆறுதல் சொல்லலாம், பொறுப்பு உங்களுடையது. அதற்குத் தொழில்முறை இழப்பீட்டுக் காப்பீடு தனியாக எடுக்கவேண்டும். மோசடி நோக்கத்தோடு தவறான மதிப்பீடு தந்ததாகக் கம்பெனிச் சட்டத்தின் கீழ் நிரூபணமானால் ஓராண்டு வரை சிறையும் உண்டு. அங்கே எந்த உறுப்பினர் அட்டையும் காப்பாற்றாது.

சந்தா கட்டுமுன் ஐந்து சோதனை

1. ஒரு கூட்டத்துக்கு விருந்தினராகப் போங்கள். பேச்சு எதைப் பற்றி என்று கவனியுங்கள். பொன்னாடையும் தேர்தலும் மட்டும் பேசினால் ஒரு முடிவு. ஒரு சொத்தை எடுத்துவைத்து விலைக்காக வாதாடிக்கொண்டிருந்தால் இன்னொரு முடிவு. இந்த ஒரு சோதனையே பெரும்பாலும் போதும்.

2. உங்கள் பகுதியில் நீங்கள் சேர விரும்பும் மூன்று வங்கிகளின் பேனல் படிவத்தை வாங்குங்கள். வட்டார அலுவலகத்தில் கிடைக்கும்; சில வங்கிகள் இணையத்திலேயே போட்டிருக்கும். அதில் எந்தச் சங்கத்தின் பெயர் இருக்கிறது? “ஏதேனும் தொழில்முறை அமைப்பில் உறுப்பினரா?” என்று பொதுவாகக் கேட்டிருந்தால் ஒரு சங்கம் போதும். இரண்டாவது சங்கத்துக்குச் செலவழிக்கவேண்டாம்.

3. சங்கத்தின் ஆண்டுக் கணக்கு உறுப்பினர்களுக்குத் தரப்படுகிறதா, தேர்தல் நேரத்துக்கு நடக்கிறதா என்று கேளுங்கள். கேட்டதற்கே முகம் மாறினால் எழுந்து வந்துவிடுங்கள்.

4. ஆயுள் சந்தாவா, ஆண்டுச் சந்தாவா? முதல் முறை ஆண்டுச் சந்தாவே கட்டுங்கள். ஆயுள் சந்தா மலிவாகத் தோன்றும். சங்கம் செயலற்றுப்போனால் அந்தப் பணம் போனதுதான். ஆயுள் சந்தா மட்டுமே உள்ள இடத்தில் முதல் சோதனையை இரண்டு முறை செய்யுங்கள்.

5. கணக்கு போடுங்கள். ஒரு வீட்டுக்கடன் அறிக்கைக்கு 2,000 ரூபாய் கிடைத்து, பெட்ரோல், தட்டச்சு, வில்லங்கச் சான்றுச் செலவு போக 1,200 நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். சந்தா, கூட்டத்துக்குப் போய்வரும் செலவு, பயிற்சிக் கட்டணம் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 12,000 ஆனால், அது 10 அறிக்கையின் நிகர வருமானம். ஓராண்டில் சங்கத்தின் மூலம் 10 அறிக்கைக்குச் சமமான ஏதாவது கிடைக்குமா? புதிய பேனல், தவிர்த்த பிழை, மிச்சமான பயணம் எல்லாவற்றையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். உங்கள் சொந்த எண்களைப் போட்டுப் பாருங்கள்.

சேர்ந்த பின் முதல் ஆண்டு

பணம் கட்டிச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியதோடு நிறுத்திக்கொள்பவர்தான், பிறகு “சங்கத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை” என்று சொல்கிறார். முதல் ஆண்டில் இவற்றைச் செய்யுங்கள்.

1. மற்ற மாவட்டங்களில் மாவட்டத்துக்கு ஒருவரையாவது அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள். அவர்களுக்கு உங்கள் ஊர் விலை வேண்டும்போது தயங்காமல் சொல்லுங்கள். கேட்பதற்கு மட்டும் போன் செய்பவரை யாரும் நீண்ட நாள் சகிக்க மாட்டார்கள்.

2. உங்கள் அறிக்கை மாதிரியை விதிகளோடு ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள். 2017 விதிகள் அறிக்கையில் இருக்கவேண்டியவற்றைப் பட்டியலிடுகின்றன: நோக்கம், நியமித்தவர், நியமன நாள், மதிப்பீட்டு நாள், அறிக்கை நாள், நேரில் பார்த்த விவரம், தகவலின் மூலம், பின்பற்றிய முறை, உங்களுக்குச் சொத்தில் தொடர்பு உண்டா என்ற வாக்குமூலம், வரம்புகள். வங்கி அறிக்கையானாலும் இதையே கடைப்பிடியுங்கள். பலர் விடுவது மதிப்பீட்டு நாளும் தகவலின் மூலமும்.

3. கோப்புகளைக் குறைந்தது மூன்று ஆண்டு வைத்திருக்கும் முறையை ஏற்படுத்துங்கள். பதிவுபெற்றவருக்கு இது விதி. என் பரிந்துரை, கடன் முடியும்வரை வைத்திருங்கள். சைட்டில் எடுத்த புகைப்படம், விலை விசாரித்த குறிப்பு, யாரிடம் எப்போது கேட்டீர்கள் என்ற விவரம் ஆகியவை பின்னாளில் உங்களுக்காகச் சாட்சி சொல்லும்.

4. ஒரு கூட்டத்தில் நீங்களே ஒரு சொத்தை எடுத்துப் பேசுங்கள். சிக்கலான ஒன்றாக இருக்கட்டும்: பாதை இல்லாத மனை, பாதி கட்டி நின்ற வீடு, உயர் அழுத்த மின்கம்பி போகும் நிலம். கேள்விகள் வரும்போதுதான் நம் அனுமானங்களில் எது பலவீனம் என்று தெரியும்.

கவனமாக இருக்கவேண்டிய இடங்கள்

*போலி அமைப்புகள்.* “தேசிய”, “அகில இந்திய”, “கவுன்சில்” என்ற சொற்களோடு பெயர் வைத்துக்கொண்டு, படிப்பையும் அனுபவத்தையும் கேட்காமல் சான்றிதழ் விற்பவர்கள் இருக்கிறார்கள். தகுதி கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் அமைப்பு உங்களுக்கு எந்தத் தகுதியையும் தர முடியாது. சட்டப் பதிவு என்று சொன்னால் ஐபிபிஐ பட்டியலில் தேடுங்கள்.

*பெயர்ப்பலகை.* “அரசு அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளர்” என்று எழுத உங்களிடம் அரசுப் பதிவு இருக்கவேண்டும். சங்க உறுப்பினர் பதவியை வைத்து அப்படி எழுதுவது வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்துவது. பதிவு எண்ணோடு எழுதுங்கள். எண் இல்லாவிட்டால் எழுதாதீர்கள்.

*வாட்ஸ்அப் குழு.* விலை கேட்கும் அவசரத்தில் கடன் வாங்குபவரின் பெயர், பத்திரத்தின் முழுப் பக்கம், ஆதார் நகல் எல்லாம் குழுவில் போய் விழுகின்றன. வாடிக்கையாளரின் இரகசியத்தைக் காப்பது உங்கள் நடத்தை விதி. இடம், பரப்பு, சாலை அகலம் இவை போதும் விலை கேட்க. புல எண் தேவைப்பட்டால் ஒருவரிடம் தனியாகக் கேளுங்கள்.

*கட்டண ஒப்பந்தம்.* கட்டணக் குறைப்புப் போட்டி நம் தொழிலை வாட்டுகிறது, உண்மை. அதற்காக “இதற்குக் கீழே யாரும் வாங்கக்கூடாது” என்று சங்கம் விலை நிர்ணயித்து உறுப்பினர்களைக் கட்டாயப்படுத்தினால், 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் குறுக்கே வரும். தொழில் சங்கங்கள் சேர்ந்து விலை வைப்பதும் அதன் வரம்புக்குள் அடங்கும். அப்படி ஒரு தீர்மானம் வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். வங்கியிடம் உங்கள் வேலையின் அளவைக் காட்டித் தனியாகப் பேசுங்கள்.

*அறிமுகக் கமிஷன்.* சங்க நண்பர் மூலம் வந்த வேலைக்கு, வங்கியில் யாருக்கோ பங்கு தரவேண்டும் என்று பேச்சு வந்தால் அந்த வேலையை விட்டுவிடுங்கள். வேலை பெறுவதற்காகப் பரிசோ பணமோ கொடுப்பதை நடத்தை விதி தடைசெய்கிறது. மதிப்பு இவ்வளவு வந்தால் இவ்வளவு கட்டணம் என்ற வெற்றிக் கட்டணமும் கூடாது.

*சொந்தத் தொடர்பு.* சங்க நண்பரின் மனையை அவருக்காக நீங்கள், உங்கள் மனையை உங்களுக்காக அவர் என்று மாற்றி மாற்றி அறிக்கை எழுதும் வழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. கூட்டாகச் சொத்து வாங்கியிருந்தால் இது நேரடிச் சிக்கல். கம்பெனிச் சட்டத்தின்படி மதிப்பீட்டாளருக்கு அந்தச் சொத்தில் நியமனத்துக்கு முந்தைய மூன்று ஆண்டிலோ, மதிப்பீட்டுக்குப் பிந்தைய மூன்று ஆண்டிலோ தொடர்பு இருக்கக்கூடாது.

யார் இப்போதைக்குச் சேரவேண்டாம்?

இன்னும் மூத்தவரின் அலுவலகத்தில் சம்பளத்துக்கு இருப்பவர், தனியாகக் கையெழுத்துப் போடாதவர், சந்தாப் பணத்தை நல்ல லேசர் தூரமானிக்கும் புத்தகத்துக்கும் செலவழிக்கலாம். அந்த மூத்தவரோடு கூட்டத்துக்குப் போய்வந்தால் அறிமுகம் கிடைக்கும். அதேபோல, கூட்டம் நடக்கும் ஊர் உங்களுக்கு ஒரு நாள் பயணம் என்றால், அருகிலுள்ள ஐந்தாறு வேல்யூயர்கள் மாதம் ஒருமுறை கூடிப் பேசும் ஏற்பாடு அதைவிடப் பயன்தரும். பதிவு செய்த சங்கமாக இருக்கவேண்டும் என்ற அவசியம் அறிவுப் பகிர்வுக்கு இல்லை.

மற்றவர்களுக்கு என் முடிவு இது. பட்டமும் அனுபவமும் இருந்தால் ஆர்விஓ வழியே ஐபிபிஐ பதிவை இந்த ஆண்டே தொடங்குங்கள். தள்ளிப்போட்டால் பேனல்கள் கைநழுவும். அதோடு உங்கள் மாவட்டத்தில் உண்மையாகக் கூடிப் பேசும் ஒரே ஒரு சங்கத்தில் ஓராண்டுச் சந்தா கட்டுங்கள். ஆண்டு முடிவில் ஐந்தாவது சோதனையின் கணக்கை மறுபடி போட்டு, கணக்கு தேறினால் மட்டும் புதுப்பியுங்கள்.